இணைந்து ஓடும் பம்புகளும் குமிழி அரிப்பும்

பம்பு நீரை இழுக்கிறது என்று நாம் அனைவரும் சொல்கிறோம். பேச்சு வழக்கில் அதனைக் குற்றம் என்று கொள்ள வேண்டியதில்லை. ஆனால் இயற்பியல் விடைத்தாளில் ஒரு மாணவர் அவ்வாறே எழுதிவிட்டால், திருத்துகின்ற ஆசிரியர் சிவப்பு மையைத் தொட வேண்டியதுதான். பம்பு தன் வாயிலில் உள்ள அழுத்தத்தைக் குறைக்கிறது; அதன் பங்கு அவ்வளவே. நீரை மேலே தள்ளி ஏற்றுவது நிலத்தின்மீதும் நீர்ப்பரப்பின்மீதும் அமர்ந்திருக்கும் காற்றின் எடையாகும்.

அக்காற்றின் வலிமைக்கு ஓர் எல்லை உண்டு. நல்ல பம்பும் ஏறத்தாழ 18 முழத்திற்கு மேல் நீரை ஏற்ற மறுக்கிறது என்பதை இத்தாலிய அறிஞர் கலிலியோ 1638-இல் வெளிவந்த தம் நூலில் குறித்தார். அதன் காரணத்தை அவர் மாணவர் டாரிசெல்லி, பாதரசத்தைக் கொண்டு சில ஆண்டுகளில் விளக்கினார். கடல்மட்டத்தில் காற்றழுத்தம் தாங்கக்கூடிய நீர்த்தூண் 10.3 மீட்டர். உதகமண்டலத்தில் இது 8 மீட்டருக்கும் சற்றுக் குறைந்துவிடும். காரைக்கால் கடலோரத்தில் அமைந்த ஊர். ஆதலின் இயற்கை அளிக்கும் 10.3 மீட்டரும் நமக்குக் குறைவின்றிக் கிடைக்கிறது.

நம் முன்னோர் பயன்படுத்திய ஏற்றத்திற்கும் இறைகூடைக்கும் இந்த எல்லை கிடையாது. அவை நீருக்குள் இறங்கி, நீரை அள்ளி, மேலே தூக்குபவை. காற்றின் தயவை அவை நாடுவதில்லை. மேட்டில் அமர்ந்துகொண்டு கீழே உள்ள நீரை உறிஞ்சும் மையவிலக்குப் பம்பு வந்த பிறகே இத்தொல்லையும் உடன் வந்தது.

காரைக்கால் காவிரியின் கடைமடை. திருநள்ளாறு, நெடுங்காடு, கோட்டுச்சேரி, நிரவி, திருமலைராயன்பட்டினம் ஆகிய பகுதிகளில் அரசலாறும் அதன் உறவு ஆறுகளும் வாய்க்கால்களும் கொண்டுவரும் நீரை நம்பியே நெடுங்காலம் பயிர்த்தொழில் நடைபெற்றது. மேட்டூர் அணை 1934-இல் கட்டி முடிக்கப்பட்ட பின், ஜூன் 12 என்னும் நாள் உழவர் மனத்தில் பதிந்துவிட்டது. ஆயினும் அந்நாளில் அணை திறக்கப்படாத ஆண்டுகள் பல. திறந்தாலும் கடைமடைக்கு நீர் வந்து சேரக் காத்திருக்கவே வேண்டும். அந்த இடைவெளியில் நாற்றங்காலைக் காப்பது மணற்பாங்கான அடிநிலத்தில் இறக்கிய ஃபில்டர் பாயிண்ட் குழாயும், அதன் தலையில் பூட்டிய பம்பும்தான். ஒரு பம்பு போதவில்லை என்று கண்டால் அருகே மற்றொன்றை நிறுவி, இரண்டின் நீரையும் ஒரே குழாயில் விடுவது எவருக்கும் தோன்றக்கூடிய வழியே. இரண்டு மாடு பூட்டினால் இரட்டிப்புச் சுமை இழுக்கலாம் அல்லவா? பம்புகளின் கணக்கு அப்படியன்று என்பதையும், அக்கணக்கை அறியாமையால் பம்பின் உட்புறம் எவ்வாறு சிதைகிறது என்பதையும் காண்போம்.

முதலில் சிதைவின் தன்மையை அறிய வேண்டும். நீர் 100 பாகை வெப்பத்தில் கொதிக்கும் என்று சிறு வகுப்பிலேயே படித்திருக்கிறீர்கள். அது திறந்த பாத்திரத்திற்கு மட்டும் பொருந்தும் உண்மை. அழுத்தம் குறைந்தால் கொதிநிலையும் குறையும். ஆய்வுக்கூடத்தில் கண்ணாடி மணிச்சாடியின் கீழ் ஒரு கோப்பை வெதுவெதுப்பான நீரை வைத்துக் காற்றை அகற்றிப் பாருங்கள். அடுப்பே இல்லாமல் நீர் கொதிப்பதைக் காணலாம். மணிச்சாடி இல்லாத பள்ளியிலும் குறையில்லை. ஊசி இல்லாத மருந்தேற்றுக் குழலில் பாதியளவு வெந்நீரை எடுத்துக்கொண்டு, முனையை விரலால் அடைத்து, தண்டைப் பின்னுக்கு இழுத்தால் நீருக்குள் குமிழிகள் கிளம்பும். தண்டை விட்டதும் அவை மறையும்.

பம்பின் வயிற்றினுள் நிகழ்வதும் இதுவே. இம்பெல்லர் எனப்படும் சக்கரம் சுழலும்போது அதன் இதழ்கள் தொடங்கும் இடத்தில் அழுத்தம் மிகத் தாழ்கிறது. அங்கே நீர் கொதித்துச் சிறு குமிழிகளாகிறது. அக்குமிழிகள் இதழின் வழியே வெளிப்புறம் செல்லச் செல்ல, அழுத்தம் மிகுந்த பகுதியை அடைகின்றன. அங்கே அவற்றுக்கு வாழ்வில்லை. சூழ்ந்த நீர் நாற்புறமும் பாய்ந்து குமிழியை நசுக்குகிறது. உலோகத்தை ஒட்டிய குமிழி நசுங்கும்போது ஊசி போன்ற ஒரு நீர்த்தாரை அவ்வுலோகத்தின் மீதே குத்துகிறது. வெற்றிடம் போன்ற ஒரு குமிழி நீருக்குள் நசுங்கினால் எத்துணை அழுத்தம் தோன்றும் என்று ராலே பிரபு 1917-இல் கணக்கிட்டார். குமிழி தன் விட்டத்தில் இருபதில் ஒரு பங்காகச் சுருங்கும்போது, வளிமண்டல அழுத்தத்தைப்போல் ஆயிரம் மடங்குக்கும் மேற்பட்ட அழுத்தம் எழும் என்பது அவர் முடிவு. நொடிதோறும் எண்ணற்ற குமிழிகள் இவ்வாறு ஒரே இடத்தில் வெடித்தால் வார்ப்பிரும்பு எத்தனை நாள் தாங்கும்?

இதனைப் பொறியியலார் கேவிட்டேஷன் என்பர். குமிழி அரிப்பு என்று நாம் சொல்லிக்கொள்வோம். இந்நோய் முதலில் பிடிபட்டது பம்பில் அன்று, கப்பலில். ஆங்கிலேயப் பொறியியலார் சார்லஸ் பார்சன்ஸ், நீராவிச் சுழலியால் ஓடும் டர்பினியா என்னும் சிறு கப்பலை 1894-இல் நீரில் இறக்கினார். பொறியின் வலிமைக்கு ஏற்ற வேகம் கப்பலுக்கு வரவில்லை. உந்துசக்கரம் தன்னைச் சுற்றிக் குமிழிகளைப் படைத்துக்கொண்டு வீணே சுழன்றதே காரணம் என்று கண்டார். அதைக் கண்ணால் பார்க்கவென்றே 1895-இல் கண்ணாடிச் சன்னல் வைத்த நீர்த்தொட்டி ஒன்றை அமைத்தார். பின் ஒரு தண்டுக்குப் பதிலாக மூன்று தண்டுகளில் சக்கரங்களைப் பகிர்ந்து அமைத்ததும், அதே கப்பல் 1897-இல் விக்டோரியா அரசியின் கடற்படை அணிவகுப்பில் எவரும் துரத்திப் பிடிக்க இயலாத வேகத்தில் ஓடிற்று. சுமையைப் பகிர்ந்ததால் நோய் தீர்ந்த கதை இது. நம் வயலிலோ, சுமையைப் பகிர வந்த இரண்டாவது பம்பாலேயே நோய் வருவதுண்டு.

அது எப்படி? இங்கே சிறிது கணக்குப் போட வேண்டும். வானொலி கரும்பலகை இல்லாத வகுப்பு. ஆதலின் எழுதுகோலை எடுத்துக்கொள்ளுங்கள். எண்கள் விளக்கத்திற்காக நான் வைத்துக்கொண்டவை.

ஒரு பம்பு, வாய் முழுதும் அடைத்த நிலையில் 24 மீட்டர் உயரத்திற்கு நீரைத் தாங்கும் என்க. நீர் ஓட ஓட அத்திறன் குறையும். நொடிக்கு எத்தனை லிட்டர் ஓடுகிறதோ, அவ்வெண்ணின் வர்க்கத்தை 0.06 ஆல் பெருக்கி, 24-லிருந்து கழிக்க வேண்டும். நீர் ஏற வேண்டிய உண்மையான உயரம் 6 மீட்டர். வெளியேற்று குழாயின் உராய்வும் ஒரு வகை உயரமே; அது லிட்டரின் வர்க்கத்தை 0.03 ஆல் பெருக்கிய அளவு. இரண்டையும் சமன்படுத்தினால், தனியே ஓடும் பம்பு நொடிக்கு ஏறக்குறைய 14 லிட்டர் தரும். அப்போது அது எதிர்த்துத் தள்ளும் உயரம் 12 மீட்டர்.

இப்போது அதே போன்ற இரண்டாவது பம்பை அதே குழாயில் சேர்க்கிறோம். விடை 28 அன்று, 20 லிட்டரே. ஒவ்வொன்றும் 10 லிட்டர் தருகிறது. தள்ளும் உயரமோ 18 மீட்டராக ஏறிவிட்டது. குழாய் ஒன்றேயாதலின், மிகுந்த நீர் மிகுந்த உராய்வைச் சந்திக்கிறது. நீருக்கு அளித்த ஆற்றல் இரு மடங்குக்கும் மேலாகிறது. கிடைத்த நீரோ ஒன்றரை மடங்குகூட இல்லை. இதைக் கேட்டு உழவர் ஒருவர் மின்சாரக் கட்டணத்தைப் பற்றி நினைப்பார். நான் நினைப்பது இம்பெல்லரைப் பற்றி.

இணைந்து ஓடுகையில் ஒவ்வொன்றும் 10 லிட்டர் தருகிறது அல்லவா? பொறியியலார் பம்பைத் தேர்ந்தெடுத்ததும் அந்த அளவிற்காகவே என்று கொள்வோம். நள்ளிரவில் ஒரு மோட்டார் நின்றுவிடுகிறது. ஃபியூஸ் போயிருக்கலாம், அல்லது ஒன்று போதும் என்று எவரோ நிறுத்தியிருக்கலாம். அக்கணமே எஞ்சிய பம்பின் ஓட்டம் 10-லிருந்து 14-க்குத் தாவுகிறது. எதிர்ப்புக் குறைந்ததனால் அது மிகையாக ஓடுகிறது. வெளியே பார்ப்பவர், "ஒன்றே நன்றாகத்தான் இறைக்கிறது" என்று மகிழ்வார்.

அதன் வாயிலில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். காற்று தரும் 10.3 மீட்டரை ஒரு கையிருப்பாகக் கருதுங்கள். 30 பாகை வெப்பமுள்ள நீர் ஆவியாகாமல் இருக்க அதில் 0.4 மீட்டர் போய்விடும். நீர்மட்டம் பம்பிற்கு 4.5 மீட்டர் கீழே இருந்தால் அதுவும் கழியும். உறிஞ்சு குழாயின் உராய்வு 10 லிட்டர் ஓடும்போது 1 மீட்டர் எனில், மீதி 4.4 மீட்டர். அந்த ஓட்டத்தில் குமிழியின்றி ஓட அப்பம்பிற்குத் தேவை 3 மீட்டர் எனக் கொண்டால், 1.4 மீட்டர் மிச்சம் உண்டு. 14 லிட்டர் ஓடும்போது நிலைமை வேறு. உராய்வு 2 மீட்டராகிறது, கையிருப்பு 3.4-க்குச் சுருங்குகிறது. தேவையோ ஓட்டத்தின் வர்க்கத்தை ஒட்டி 6 மீட்டர் அளவிற்கு உயர்ந்துவிடுகிறது. வரவு குறைந்து செலவு கூடிய குடும்பத்தின் நிலை அது. கூழாங்கற்களை உள்ளே போட்டு உருட்டுவது போன்ற ஓசை எழும். அதுவே குமிழிகள் வெடிக்கும் ஓசை.

ஆகவே இணைந்து ஓடும் பம்புகளை இருவரும் உழைக்கும் நேரத்தை வைத்து மட்டும் தேர்ந்தெடுத்தல் கூடாது. ஒன்று மட்டும் ஓடும் நேரத்தில் அதன் வாயிலில் கையிருப்பு போதுமா என்பதே முதல் வினாவாதல் வேண்டும். போதவில்லையெனில், தனித்து ஓடும் வேளையில் வெளியேற்று குழாயின் வால்வைச் சற்று மூடி ஓட்டத்தை 10-க்கு இறக்கலாம். நம் கணக்கில் 9 மீட்டர் உயரத்திற்கான ஆற்றலை அவ்வால்வு விழுங்கிவிடும்; வீண்தான், எனினும் இம்பெல்லர் பிழைக்கும். சுழற்சி வேகத்தை மாற்றும் மின்கருவி இருந்தால், வேகத்தை ஐந்தில் நான்கு பங்காகக் குறைத்து அதே 10 லிட்டரை வீணின்றிப் பெறலாம். ஒன்றை மட்டும் மறவாதீர்கள்: எக்காரணத்தாலும் உறிஞ்சு குழாயின் பக்கம் உள்ள வால்வை மூடி ஓட்டத்தைக் குறைத்தல் ஆகாது. அது கையிருப்பையே திருடுவதாகும்.

உராய்வுதானே பகை, குழாயை அகலமாக்கிவிடலாமே என்று ஒரு மாணவர் கேட்கக்கூடும். நல்ல கேள்வி. நம் கணக்கில் குழாயின் உராய்வை நான்கில் ஒரு பங்காக்கினால் இரு பம்புகளும் சேர்ந்து 28 லிட்டர் தரும். ஆனால் அப்போது ஒவ்வொன்றும் 14 லிட்டரில் ஓடும். தனித்தோடும் பம்பு 16 லிட்டரையும் தாண்டும். மேலே மகிழ்ச்சி, கீழே அரிப்பு. குழாயை மாற்றுபவர் உறிஞ்சு பக்கத்தையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

ஒத்த பம்புகளின் கதை இது. ஒவ்வாத இரண்டைப் பூட்டினால் வருவது வேறொரு துன்பம். புதிய பம்பின் அருகே, தேய்ந்துபோன பழைய பம்பு ஒன்று ஓடுகிறது என்க. புதியது குழாயில் 12 மீட்டர் அழுத்தத்தை நிறுத்திவிட்டது. பழையது எவ்வளவு முயன்றாலும் 12 மீட்டரைத் தாண்ட இயலாது எனில், அதிலிருந்து ஒரு துளியும் வெளிவராது. மோட்டார் சுழலும், ஓசை கேட்கும், மின்சாரம் செலவாகும். நீர் மட்டும் உள்ளேயே சுழன்று சுழன்று சூடேறும். சூடேறிய நீர் எளிதில் ஆவியாகும். இதழ்களிடையே சுழல்கள் தோன்றி அங்கும் குமிழி பிறக்கும். ஷாஃப்டு அதிர்ந்து பேரிங்கும் அடைப்பும் கெடும். மிகை ஓட்டத்தால் ஒரு பம்பு கெட, ஓட்டமின்மையால் மற்றொன்று கெடுகிறது. ஒவ்வொரு பம்பிற்கும் தனித்தனியே திரும்பாத் தடுப்பு வால்வும் அழுத்தமானியும் வேண்டும் என்று வலியுறுத்துவதன் காரணம் இதுவே. வால்வு இல்லையெனில், நின்றுபோன பம்பின் வழியே மற்றதன் நீர் பின்னோக்கிப் பாய்ந்து கிணற்றிற்கே திரும்பும். சக்கரமும் தலைகீழாகச் சுழலும். அந்நிலையில் சுவிட்சைப் போட்டால் ஷாஃப்டே முறியக்கூடும்.

வெப்பம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். திருமலைராயன்பட்டினத்தை அடுத்த போலகத்தில், இயற்கை எரிவாயுவால் இயங்கும் 32.5 மெகாவாட் மின்நிலையம் 2000-ஆம் ஆண்டில் முழுமை பெற்றது. எரிவாயுச் சுழலியின் புகையில் எஞ்சிய வெப்பத்தால் நீராவி உண்டாக்கி, மேலும் மின்சாரம் எடுக்கும் அமைப்பு அது. இத்தகைய நிலையங்களில் கொதிகலனுக்கு நீரூட்டும் பம்புகள் கொதிக்கும் தறுவாயில் உள்ள நீரைக் கையாள்கின்றன. 60 பாகையில் ஆவியழுத்தம் 2 மீட்டரை விழுங்கும். 100 பாகையில் 10.3 மீட்டரும் போய்விடும். கையிருப்புச் சுழி. ஆகையால் அங்கே நீர்த்தொட்டியை உயரமான மேடையில் வைத்து, பம்பைத் தரைமட்டத்தில் அமைப்பார்கள். காற்று தராததை உயரம் தருகிறது. ஓட்டம் குறைந்த வேளையில் பம்பு சூடேறாதிருக்க, ஒரு பகுதி நீரைத் தொட்டிக்கே திருப்பும் சிறு குழாயும் இருக்கும்.

வயலுக்குத் திரும்புவோம். இணைந்த பம்புகள் ஓரிடத்தில் மட்டும் உறவுடையன என்று இதுவரை பேசினோம். அஃதாவது மேலே, பொதுக் குழாயில். கீழே நிலத்தினுள்ளும் அவற்றிற்கு உறவு உண்டு. இதனை விளங்கக் காண நமக்கு வடக்கே நெய்வேலிக்குச் செல்ல வேண்டும். அங்கே பழுப்பு நிலக்கரிப் படிவத்தின் கீழ் மணலடுக்கில் அடைபட்ட நீர், சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ வரையிலான அழுத்தத்தோடு மேல்நோக்கி முட்டிக்கொண்டிருந்தது. அதைத் தணிக்காமல் தோண்டினால் சுரங்கத்தின் தரையே வெடித்து நீர் மூழ்கடித்துவிடும். 1961-இல் சுரங்கத்தைச் சூழ ஆழ்துளைகள் இட்டு, பல பம்புகளை இரவு பகலாக ஒருசேர ஓட்டி அழுத்தத்தைக் குறைத்த பின்னரே நிலக்கரியை எட்டினார்கள். ஒரு கிணற்றில் இறைத்தால் அடுத்த கிணற்றிலும் நீர்மட்டம் தாழும் என்னும் இயல்பே அங்கே அவர்களுக்குக் கருவி. கிணறுகள் ஒன்றன் பள்ளத்தை மற்றொன்று ஆழப்படுத்த வேண்டும் என்றே அவற்றை இடைவெளி அறிந்து அமைத்தார்கள்.

சுரங்கத்தார்க்கு வரமான அவ்வியல்பு உழவர்க்குச் சாபமாகும். இரண்டு ஃபில்டர் பாயிண்டுகளை அருகருகே இறக்கி, இரண்டையும் ஓட்டினால், ஒவ்வொன்றும் மற்றதன் நீர்மட்டத்தைக் கீழிறக்கும். முன்பு 4.5 மீட்டர் ஆழத்தில் இருந்த நீர் 6 மீட்டருக்குப் போனால், நம் கணக்கில் மிச்சமாய் நின்ற 1.4 மீட்டரும் கரைந்து பற்றாக்குறையாகிவிடும். பம்பைப் பள்ளம் தோண்டி இறக்கி வைப்பவர்கள் தாம் அறிந்தோ அறியாமலோ இழந்த கையிருப்பையே மீட்கிறார்கள். நீர்மூழ்கி மோட்டார் இந்த இடர்ப்பாட்டை வேறு வகையில் வெல்கிறது. அது நீருக்குள்ளேயே அமர்வதால் உறிஞ்ச வேண்டிய உயரமே இல்லை. ஆனால் நீர்மட்டம் அதன் வாயில்வரை இறங்கிவிட்டால் அதுவும் காற்றை விழுங்கிக் கெடும்.

உறிஞ்சு குழாயின் அமைப்பைப் பற்றிச் சுருங்கச் சொல்லலாம். குட்டையாகவும் அகலமாகவும் இருத்தல் நன்று. பம்பை நோக்கி மெல்ல ஏறிச் செல்ல வேண்டும். நடுவே மேடு இருந்தால் அங்கே காற்று தங்கும். அகலம் குறையும் இடத்தில் மேற்புறம் தட்டையான இணைப்பைப் பொருத்துவது அதே காரணத்தால்தான். ஆற்றிலிருந்தோ குளத்திலிருந்தோ எடுப்பதாயின் ஃபுட் வால்வு நன்கு மூழ்கியிருத்தல் வேண்டும். இரு பம்புகளுக்கும் தனித்தனி உறிஞ்சு குழாயே சிறந்தது. பொதுவான ஒன்றில் இருந்து கிளை பிரித்தால், பெரும்பாலும் தொலைவில் உள்ள பம்பு பட்டினி கிடக்கும்.

அரிப்பு அனைத்தும் குமிழியால் வருவதன்று. நம் பகுதியின் நீரில் நுண்மணல் உண்டு. முற்காலத்தில் வடிகட்டிக் குழாயின்மீது தேங்காய்நார்க் கயிற்றைச் சுற்றியது மணலைத் தடுக்கத்தான். பழுதான பம்பைப் பிரிக்கும்போது அருகிருந்து பாருங்கள். மணல் தேய்த்த இடம் வழவழப்பாக, கோடு கோடாக, பெரும்பாலும் நீர் விரைந்து வெளியேறும் விளிம்பில் இருக்கும். குமிழி அரித்த இடமோ கறையான் தின்ற பலகைபோல், இதழின் நுழைவுப் பக்கத்தை ஒட்டிச் சொரசொரப்பான குழிகளாக இருக்கும். நோய் வேறு, மருந்தும் வேறு. மணலுக்கு நல்ல வடிகட்டியும், நீரை இழுக்கும் வேகத்தைக் குறைத்தலும் மருந்து. குமிழிக்கு மருந்து கையிருப்பை உயர்த்துதல். வெண்கலமும் துருவேறா எஃகும் வார்ப்பிரும்பைவிட நெடுநாள் தாங்கும் என்பது உண்மையே. ஆனால் ஓடும் நிலையைத் திருத்தாமல் உலோகத்தை மட்டும் மாற்றுவது, ஓட்டைப் பானைக்கு விலையுயர்ந்த மூடி வாங்குவதை ஒக்கும்.

மணலால் சக்கரத்தைச் சூழ்ந்த வளையங்கள் தேய்ந்தால், தள்ளிய நீரில் ஒரு பங்கு இடுக்கின் வழியே வாயிலுக்கே திரும்பும். இரண்டில் ஒன்று மட்டும் இவ்வாறு தேய்ந்தால், ஒத்த பம்புகளாக வாங்கியவை ஓரிரு ஆண்டுகளில் ஒவ்வாதவையாகிவிடும். தலைமைப் பம்பு, துணைப் பம்பு என்று பிரித்து ஒன்றையே ஓயாமல் ஓட்டாமல், முறைவைத்து ஓட்டி, ஓடிய மணிகளை ஓர் ஏட்டில் குறித்துவருவது இதற்காகவே. ஆண்டுக்கொரு முறை வெளியேற்று வால்வைச் சில நொடிகள் மட்டும் முழுதும் மூடி, ஒவ்வொன்றும் காட்டும் அழுத்தத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். 24 மீட்டர் காட்டியது 20-க்கு இறங்கியிருந்தால் வளையத்தை மாற்றும் காலம் வந்துவிட்டது.

காரைக்காலுக்கே உரிய கவலை ஒன்றுண்டு. இங்கே நன்னீருக்குக் கிழக்கே கடல் காத்திருக்கிறது. கரையோரத்தில் நிலத்தடி நன்னீர் உவர்நீரின்மீது மிதப்பது போலவே நிற்கிறது. இரு பம்புகள் ஒரே இடத்தில் நீர்மட்டத்தை ஆழ இறக்கினால், கீழுள்ள உவர்நீர் அப்பள்ளத்தை நோக்கி மேலெழும்பும். உவர்நீர் உலோகத்தைத் துருப்பிடிக்கச் செய்யும். குமிழிகள் அத்துருவை உடனுக்குடன் பெயர்த்தெறிந்து புது உலோகத்தை அதற்கு இரையாக்கும். இரண்டும் சேர்ந்து அரிக்கும் வேகம், தனித்தனியே அரிப்பதன் கூட்டுத்தொகையைவிட மிகுதி. இம்பெல்லரைப் புதிதாக வாங்கிவிடலாம். உப்பேறிய மணலடுக்கு மீண்டும் நன்னீராவதற்குப் பல மழைக்காலங்கள் தேவைப்படும். ஆகவே கடலோர ஊர்களில் இரண்டாவது பம்பு வேண்டும் என்று நினைப்பவர், முதற்குழாயினின்று எவ்வளவு தள்ளி அதனை இறக்குவது என்பதையும், இரண்டும் சில மணி நேரம் ஓடிய பின் கிணற்று நீரின் உப்பு ஏறுகிறதா என்பதையும் பார்த்த பிறகே குழாய்களை ஒன்று சேர்க்க வேண்டும். உப்பின் அளவை அறிய மின்கடத்துதிறனை அளக்கும் சிறு கருவி போதும். கல்லூரி வேதியியல் ஆய்வுக்கூடங்களில் அது உண்டு. வேனிற்காலத்தில் வாரம் ஒரு முறை நீங்களே உங்கள் ஊர்ப் பம்புகளின் நீரை ஒரு புட்டியில் பிடித்துச் சென்று அளந்து, தேதியிட்டு எழுதி வைக்கலாம்.